சுற்றவாளி

குற்றவாளி, சுற்றவாளி.
ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.
பத்தொன்பது வருடமாக
அந்த ஓர் எழுத்துக்குச் சம்பளம் வாங்குகிறேன்
புதுக்கடை நீதவான் மன்றில்.
தமிழில் கேட்டுச் சிங்களத்தில் சொல்வேன்,
சிங்களத்தில் கேட்டுத் தமிழில்.
நடுவில் எனக்கென்று ஒரு சொல் இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றியது.
கூண்டில் அருள்ராயன், வயது நாற்பத்தாறு,
நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை.
சாரத்து மடிப்பில் கஞ்சா,
நாலு கிராம் இருநூறு மில்லிகிராம்
என்கிறது பகுப்பாய்வாளர் அறிக்கை.
அவன் தூக்கிய வெங்காயத்தை ஒருவரும்
இவ்வளவு நுணுக்கமாய் நிறுத்துக்
கூலி கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஏன் பாவித்தாய் என்று கேட்டார் நீதவான்.
கேட்டேன்.
கூண்டுக் கம்பியைப் பார்த்தபடி சொன்னான்:
"ராத்திரி படுக்க ஏலாது ஐயா.
நான் யாருக்கும் ஒண்ணும் செய்யல்ல.
மூட்டை அவங்களோடது,
முதுகு என்னோடது."

முதுகு வலியாம், என்றேன் சிங்களத்தில்.

மூட்டையை விட்டுவிட்டேன்.
அவங்களை விட்டுவிட்டேன்.
'என்னோடது' என்பதை,
வழக்கே அதுதான்,
வெற்றிலைச் சக்கை மாதிரிக்
கடைவாயில் ஒதுக்கிக்கொண்டேன்.
மேசையில் இன்னும் முப்பது கோப்பு.
நீதவான் சிரித்துவிடுவாரோ என்றும் ஒரு பயம்.
தண்டம் பத்தாயிரம்.
அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

அடுத்து டிலக்சன், கொட்டாஞ்சேனை, ஐஸ்.
இருபத்திரண்டு வயதென்று கோப்பு சொன்னது,
முகம் சொல்லவில்லை.
சட்டத்தரணி பிணை கேட்க எழும்ப
பின் வாங்கிலிருந்து தாய் எழும்பிவிட்டாள்.
"விடாதீங்க ஐயா!
போன மாசம் காஸ் சிலிண்டரை வித்தான்,
அதுக்கு முதல் தங்கச்சிட தோட்டை.
வெளிய விட்டா செத்துருவான்.
உள்ள போடுங்க,
உசிரோட வந்து பாத்துட்டுப் போறேன்."

அதில் ஒரு சொல்லும் நான் தவறவிடவில்லை.
சிலிண்டர், தோடு, உசிர்,
எல்லாம் முழுசாய் அக்கரை சேர்ந்தன.
பதினாலு நாள் விளக்கமறியல்.
அவள் நன்றி சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

உள்ளே வெளியைவிட மலிவு என்று
போன வருடம் ஒரு கைதி சொன்னான்.
அதையும் நான்தான் சொன்னேன்.
நீதவான் பேனையை மூடி,
தேநீர் வேளை என்றார்.
அதை அந்தத் தாயிடம் சொல்வது
என் வேலையில் இல்லை.

கன்டீனில் மீன் பணிஸைப் பிய்த்தபடி
சட்டத்தரணி மிஃப்லால் கேட்டார்:
"அவனவன் உடம்புக்கு
அரசாங்கம் எந்த உறுதியைக் காட்டுது?"
சார்ஜன் சொன்னார்:
"அதைப் போய் அந்தப் பொம்பிளையிட்ட கேளுங்க.
காஸ் இல்லாத அடுப்பு யாருடைய உடம்பு?"
இரு பக்கமும் பேசிப் பழகிய என் தலை
இரண்டு பேருக்கும் ஆடியது.
மரியாதைக்கு ஆடவில்லை.
இரண்டும் எனக்கு விளங்கியது,
அதுதான் தொல்லை.

நாளைக்குப் போயா.
ஆமர் வீதி வைன் ஸ்டோர்ஸில்
வரிசை பஸ் தரிப்பிடம் வரைக்கும்.
லொறியிலிருந்து சாராயப் பெட்டி இறக்கினான்
ஒரு நாட்டாமை.
அருள்ராயன் இல்லை, வேறு ஆள்,
ஆனால் அதே மாதிரி வளைந்த முதுகு.
கால் போத்தல் வாங்கினேன்.
மூடியில் அரசாங்கத்து ஸ்டிக்கர்
மினுங்கியது.
ஏன் பாவிக்கிறாய் என்று
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.
மிச்சக் காசை மட்டும் சரியாய்த் தந்தார்கள்.

இரவு, அறையில்,
இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு
சுவரைப் பார்த்துச்
சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன்:
மூட்டை அவங்களோடது,
முதுகு என்னோடது.

சரியாகத்தான் வந்தது.
கஷ்டமான வசனமே இல்லை.